டார்ச்சா, தகரமா, காரா, காதா: ஊர்வன தேட எந்த வழி?

பாம்பு, பல்லி, தவளை தேடிப் பதிவு செய்ய ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது எந்த கேமரா வாங்கலாம் என்றுதான். கேமரா அப்புறம். எப்படித் தேடப்போகிறோம் என்பதை முடிவு செய்துகொண்டால் கேமரா, டார்ச், பூட்ஸ், கொக்கிக் கம்பு எல்லாம் தானாக முடிவாகிவிடும். வழிகள் முக்கியமாக நான்கு. இரவில் டார்ச்சோடு நடக்கலாம். கல், கட்டை, தகரம் என்று எதையாவது தூக்கிப் பார்க்கலாம். இருட்டிய பிறகு சாலையில் மெதுவாகக் கார் ஓட்டிக்கொண்டு போகலாம். நீர்நிலைக் கரையில் நின்று காது கொடுத்துக் கேட்கலாம். ஒவ்வொன்றிலும் கிடைக்கும் உயிர்கள் வேறு, ஆபத்து வேறு, கடைசியில் கையில் மிஞ்சும் தகவலின் மதிப்பும் வேறு.

நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: அதே இடத்தில், அதே மாதிரி, அடுத்த மாதமும் அடுத்த வருடமும் திரும்பச் செய்ய முடிகிற வழி எது? அரிய பாம்பு ஒன்றை ஒரு முறை பார்த்துப் படமெடுத்தால் மனசு நிறையும், மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரு குளக்கரையில் தேரைகள் குறைகின்றனவா, கூடுகின்றனவா என்று கேட்டால் அந்தப் படத்துக்குப் பதில் தெரியாது. அதற்கு, ஒன்றுமே தென்படாத இரவுகளும் நோட்டில் இருக்க வேண்டும். ஜோசப் கிரின்னெல் என்ற விலங்கியலாளர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் தன் குழுவினரை நாள், இடம், வானிலை, பார்த்தவை என்று எல்லாவற்றையும் விடாமல் எழுதவைத்தார். ஏறத்தாழ நூறு வருடம் கழித்து, பெர்க்லியில் அவர் பணியாற்றிய அருங்காட்சியகத்தினர் அந்த நோட்டுகளை எடுத்துக்கொண்டு பழைய இடங்களுக்குப் போனார்கள். எந்த உயிரினம் இடம் பெயர்ந்திருக்கிறது என்று அவர்களால் ஒப்பிட்டுச் சொல்ல முடிந்தது. பொழுதுபோக்காகச் செய்கிறவருக்கும் இந்த ஒழுங்கு பெரிய பாரமில்லை.

இரவு நடை

முதல் இடம் என் பார்வையில் இதற்குத்தான். செலவு குறைவு, உயிர்களுக்குத் தொந்தரவு குறைவு, வகைகள் அதிகம். தவளை, தேரை, பல்லி, பாம்பு நான்கும் ஒரே நடையில் கிடைக்க வாய்ப்புள்ளது.

டார்ச்சை எங்கே பிடிக்கிறோம் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. இடுப்பருகே பிடித்துக்கொண்டு நடந்தால் பக்கத்தில் இருப்பதே தெரியாது. கண்ணுக்கு நேராகவோ நெற்றியிலோ இருந்தால், தவளையின் கண்ணும் பல பல்லிகளின் கண்ணும் அந்த ஒளியை நம் பக்கமே திருப்பி அனுப்பும். தூரத்திலேயே புள்ளிகளாக மின்னும். புல்லில் பச்சையும் நீலமுமாகப் பொடிப்பொடியாக மின்னுவதைப் பார்த்துத் தவளைக் கூட்டம் என்று ஓடாதீர்கள், அவை பெரும்பாலும் சிலந்திகள். பாம்பின் கண் இப்படி மின்னாது. பாம்பைப் பார்க்க வேண்டுமானால் உருவத்தைத்தான் தேட வேண்டும்: கிளைகளுக்கு நடுவே கிளை போகாத திசையில் ஒரு கோடு, சருகுக்கு நடுவே சருகுக்கு இல்லாத ஒரு பளபளப்பு.

பகலில் ஓடி ஒளிகிற ஓணான், பச்சோந்தி வகைகளை இரவில்தான் நிதானமாகப் பார்க்கலாம். மெல்லிய கிளையின் நுனியில் தூங்கும், யாராவது ஏறி வந்தால் கிளை ஆடுவதை வைத்து விழித்துக்கொள்ளலாம் என்று. தூங்கும்போது நிறம் வெளுத்துவிடுவதால் பச்சை இலைகளுக்கு நடுவே டார்ச் ஒளியில் சுண்ணாம்பு பூசினது போல் துண்டாகத் தெரியும். கிளையைத் தொடாமல் இரண்டு படம் எடுத்துவிட்டு விளக்கை விலக்கிவிட வேண்டும். எழுப்பிவிட்டால் இருட்டில் கீழே விழுந்து தடுமாறும்.

நடை மெதுவாக இருக்க வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். எவ்வளவு மெதுவாக? துணைக்கு வந்தவர் சலித்துப்போய்த் திரும்பிவிடலாமா என்று கேட்கிற அளவுக்கு. ஒரே பாதை, ஒரே கால அளவு வைத்துக்கொள்ளுங்கள். தொடங்கிய நேரம், முடித்த நேரம், வெப்பம், மழை பெய்து எத்தனை நாளாயிற்று, எத்தனை பேர் தேடினார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் ஒரு மணி நேரம் தேடியதும் ஒருவர் அரை மணி நேரம் தேடியதும் ஒன்றாகாது. ஆய்வாளர்கள் செய்யும் நேர அளவுத் தேடலும் அடிப்படையில் இதுதான்.

குறைகள் உண்டு. மண்ணுக்குள் வாழ்கிற குருட்டுப் பாம்பு, சிசிலியன் (கால் இல்லாத, புழு போன்ற, தவளைக்கு உறவான உயிர்) போன்றவை இந்த வழியில் அபூர்வமாகத்தான் படும். உயர்ந்த மரத்தின் மேல்பகுதியில் இருப்பதும் அப்படியே. அப்புறம் பழகிய கண்ணுக்கும் புதுக் கண்ணுக்கும் உள்ள வித்தியாசம். முதல் வருடத்தைவிட இரண்டாம் வருடம் அதிகம் பார்த்தால், உயிர்கள் பெருகிவிட்டன என்று சொல்லிவிட முடியாது, உங்கள் கண் தேறியிருக்கலாம். அதனால் ஆரம்பகால எண்ணிக்கையைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது.

தூக்கிப் பார்ப்பது

இதில் இரண்டு வகை. இயற்கையாகக் கிடக்கும் கல்லையும் கட்டையையும் புரட்டுவது ஒன்று. நாமே தகரமோ பலகையோ போட்டு வைத்து அவ்வப்போது தூக்கிப் பார்ப்பது இன்னொன்று. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே வேலைதான், ஆனால் பின்விளைவில் இரண்டுக்கும் பெரிய தூரம்.

கல் புரட்டுவதில் கிடைக்கும் பரவசம் தனி. அதனாலேயே அதில் சேதமும் அதிகம். ஒரு கல்லுக்கடியில் இருக்கும் ஈரம், இடுக்கின் அகலம், வெப்பம் எல்லாம் பல காலம் அசையாமல் கிடந்ததால் அமைந்தவை. சிட்னியைச் சுற்றியுள்ள மணற்கல் பாறைகளில் ஆய்வு செய்தவர்கள், கற்கள் கொஞ்சம் இடம் மாறியிருந்தாலே அவற்றின் அடியில் ஊர்வன தங்குவது குறைகிறது என்று கண்டார்கள். அதே கற்களைப் பழைய இடத்தில் சரியாகப் பொருத்தி வைத்ததும் நிலைமை தேறியது. எனவே புரட்டுவதானால், அங்குலம் பிசகாமல் திரும்ப வைக்கும் பொறுமை இருக்க வேண்டும். அடியில் ஒரு தவளையோ அரணையோ இருந்தால் அதன் மேலேயே கல்லை இறக்கக் கூடாது. அதைச் சற்று ஒதுக்கி, கல்லை முதலில் வைத்துவிட்டு, பிறகு விளிம்பருகே விட்டால் தானே உள்ளே போய்விடும். பாறை இடுக்குகளைக் கம்பி வைத்து நெம்புவதும், மக்கிய மரத்தைப் பிய்ப்பதும் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். பிய்த்த மரத்தைத் திரும்ப ஒட்டவைக்க வழியில்லை.

நாமே போடும் தகரமும் பலகையும் இந்தச் சிக்கலைத் தீர்க்கின்றன. ஏற்கனவே இருக்கும் வீட்டைக் கலைக்காமல் புதிதாக ஒன்று கொடுக்கிறோம். பலகைகளுக்கு எண் போட்டு, ஒரே இடைவெளியில், ஒரே அளவில் வைத்துவிட்டால் வருடக்கணக்கில் ஒப்பிடக்கூடிய தகவல் கிடைக்கும். பார்க்கிறவரின் கண் திறமையும் அவ்வளவாகக் குறுக்கே வராது, தூக்கினால் இருக்கும் அல்லது இருக்காது. பிரிட்டனில் ஊர்வனக் கணக்கெடுப்புக்கு வழக்கமான முறையே இதுதான். தகரமும் கருப்புத் தார் அட்டையும் போட்டு, காற்றின் வெப்பம் 9 முதல் 18 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும் நேரத்தில் பார்ப்பது அங்கே பழக்கம். குளிர்ந்த உடம்பைச் சூடாக்கிக்கொள்ள அவை அடியில் வந்து ஒடுங்கும் நேரம் அது. வெப்பமான பகுதிகளில் இதே கணக்கு ஒத்துவராது. வெயிலில் கிடக்கும் தகரத்தின் அடியில் எதுவும் தங்காது. அங்கே நிழலில் வைத்த கனமான மரப்பலகைதான் பயன்படும், ஈரம் காக்கும்.

இதற்குப் பொறுமை வேண்டும். போட்ட மறுநாளே பலன் தேடக் கூடாது. அடியில் புல் செத்து, மண் ஈரம் பிடித்து, பூச்சிகள் குடியேறிய பிறகுதான் அவற்றைத் தின்ன வருபவை வரும், அதற்குச் சில வாரங்கள், சில இடங்களில் மாதங்கள்கூட ஆகும். ஆசைப்பட்டுத் தினமும் தூக்கினால் வந்ததும் போய்விடும். நிலத்துக்காரரின் அனுமதி கட்டாயம் வேண்டும். வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் எடுத்துப்போக வேண்டும், இல்லையென்றால் அது குப்பைதான்.

தூக்கும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். பலகைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, எதிர்ப்பக்க விளிம்பை நீண்ட கொக்கிக் கம்பால் மாட்டி நம்மை நோக்கித் தூக்க வேண்டும். அப்போது திறப்பு அந்தப் பக்கம் இருக்கும், பலகை நம் காலுக்கு மறைப்பாக நிற்கும். உள்ளே விரியன் இருந்தாலும் அது ஓடும் வழி நமக்கு எதிர்த்திசையில்தான். விரலை அடியில் நுழைத்துத் தூக்குவது எந்தப் பலகையிலும், எந்த ஊரிலும் கூடாது.

கார்

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பகலில் சூடேறிய தார்ச்சாலை இரவில் மெல்ல ஆறும். சாலையைக் கடக்கிற பாம்புகள் அங்கே எளிதில் கண்ணில் படும், குறுகிய நேரத்தில் நிறைய தூரம் பார்க்கலாம். மண்ணடியில் வாழ்வதோ நடையில் ஒருபோதும் படாததோ சில நேரம் சாலையில் கிடைக்கும், பெரும்பாலும் நசுங்கிப்போய். நசுங்கியதும் நல்ல பதிவுதான்: இனம், இடம், தேதி மூன்றும் இருக்கிறது, செதில்களை எண்ணியும் பார்க்கலாம்.

ஆனால் இந்த வழியை நான் கடைசியில் வைக்கிறேன். சாலை இருக்கும் இடத்தைப் பற்றி மட்டுமே அது சொல்லும். நாமே எதையாவது ஏற்றிக் கொல்லும் வாய்ப்பு உண்டு, சின்னத் தவளைகள் ஓட்டுகிறவர் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. எல்லாவற்றுக்கும் மேல், இருட்டில் சாலை நடுவே குனிந்து நின்று படமெடுக்கிற மனிதனை எதிரே வரும் லாரிக்காரர் எதிர்பார்ப்பதில்லை. பாம்பைவிட லாரியால்தான் இந்தப் பொழுதுபோக்கில் உயிருக்கு அதிக பயம்.

காது

தவளைக்கென்றே ஒரு வழி. எல்லாரும் குறைத்து மதிப்பிடுவதும் இதைத்தான். பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்து, பிரிக்க முடியாமல் குழப்புகிற தவளை இனங்கள் கத்தலில் தெளிவாகப் பிரிந்துவிடும். புதருக்குள் கால் வைக்க வேண்டாம், எதையும் தொட வேண்டாம், போன் ஒன்று போதும். ஆஸ்திரேலிய அருங்காட்சியகம் 2017 இல் தொடங்கிய ஃபிராக்ஐடி என்ற திட்டம் முழுக்க முழுக்க இந்த நம்பிக்கையில் நடக்கிறது. மக்கள் 20 முதல் 60 நொடி வரை பதிந்து அனுப்பும் ஒலியை அங்குள்ள வல்லுநர்கள் கேட்டு இனத்தைச் சொல்கிறார்கள்.

எண்ணிக்கைக்கும் எளிய முறை உண்டு. வட அமெரிக்காவில் தன்னார்வலர்களை வைத்து 2015 வரை நடந்த தவளைக் கணக்கெடுப்பில், ஒவ்வொரு நிறுத்தத்திலும் 5 நிமிடம் நின்று கேட்டு, இனம் இனமாக மூன்று படிகளில் குறித்தார்கள். தனித்தனியாக எண்ண முடிகிறது, இடையில் மௌனம் இருக்கிறது என்றால் 1. ஒன்றின்மேல் ஒன்று விழுந்தாலும் பிரித்து அறிய முடிகிறது என்றால் 2. இடைவெளியே இல்லாத முழுக் கூச்சல் என்றால் 3. நீங்களும் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். காற்று பலமாக அடிக்கும் இரவில் போகாதீர்கள். போனவுடன் கணக்கைத் தொடங்காமல் ஒரு நிமிடம் அசையாமல் நில்லுங்கள், உங்கள் காலடிச் சத்தத்துக்கு அடங்கியவை மறுபடி ஆரம்பிக்கும்.

கேட்பது ஆண் தவளைகளை மட்டுமே, அதுவும் இனப்பெருக்கக் காலத்தில். கத்தாதது இல்லாததாகிவிடாது. பாம்புக்கும் பெரும்பாலான பல்லிகளுக்கும் இந்த வழி பயனில்லை.

சரி, எதை எடுப்பது? வாரத்தில் ஒரு மாலைதான் கிடைக்கிறது என்றால் இரவு நடையையும் காதையும் சேர்த்து ஒரே பாதையில் வைத்துக்கொள்ளுங்கள்: நடுவில் இரண்டு மூன்று இடத்தில் 5 நிமிடம் நிற்பது, மற்ற நேரம் நடப்பது. அனுமதியுள்ள நிலம், பல வருடம் அங்கேயே இருப்போம் என்ற உறுதி இரண்டும் இருந்தால் பலகை. இரவில் வெளியே போக முடியாத சூழல் உள்ளவருக்கும் பலகைதான், காலையில் பார்க்கலாம் என்பதால். குழந்தைகளோடு போகிறவர்களுக்குக் காது. எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் செய்கிறேன் என்பவரிடம் நிறைய படங்கள் சேரும், ஒப்பிடுவதற்கு ஒன்றும் சேராது.

கையில் எடுப்பதா, வேண்டாமா

தேடும் வழியைவிட அதிகம் சண்டை நடப்பது இதில். கையில் எடுத்தால்தான் வயிற்றுப்புறம் தெரியும், விரல் தெரியும், இனம் உறுதியாகும் என்பது ஒரு கட்சி. ஓரளவு உண்மைதான். ஆனால் நிதானமாக எடுத்த நான்கு படங்கள் பெரும்பாலான நேரம் அந்த வேலையைச் செய்துவிடும். பாம்பென்றால் முழு உடம்பு மேலிருந்து, தலை பக்கவாட்டில், தலை மேலிருந்து, வால். தவளையென்றால் பக்கவாட்டில் கண்ணுக்குப் பின்னுள்ள செவிப்பறை தெரியும்படி ஒன்று, விரல் நுனிகள் தெரிய ஒன்று, பின்காலின் சவ்வு எதுவரை போகிறது என்று ஒன்று, தொடை இடுக்கிலும் தொடையிலும் உள்ள நிறம் ஒன்று. நேருக்கு நேர் முகத்தைப் பார்த்து எடுக்கிற அழகான படம் சுவரில் மாட்ட நன்றாக இருக்கும், இனம் சொல்ல உதவாது. பாம்புச் சட்டை கிடைத்தால் விடாதீர்கள். நடு உடம்பைச் சுற்றி எத்தனை வரிசைச் செதில் என்று அதில் எண்ணலாம், பல இனங்களைப் பிரிப்பதே அந்த எண்தான். நீளத்தை மட்டும் அதை வைத்துச் சொல்லாதீர்கள். உரியும்போது இழுபட்டு நீண்டுவிடும்.

விஷப்பாம்பு விஷயத்தில் விவாதமே வேண்டாம். கலிஃபோர்னியா அறிவியல் கழகத்தின் ஊர்வன வல்லுநர் ஜோ ஸ்லோவின்ஸ்கி 2001 செப்டம்பரில் மியான்மர் காட்டில், விஷமில்லாத பாம்பு என்று எண்ணிப் பைக்குள் கை விட்டார். உள்ளே இருந்தது கட்டுவிரியன் வகைக் குட்டி. மறுநாள் அவர் உயிரோடு இல்லை. வாழ்நாள் முழுக்க இதே வேலை செய்தவர் அவர். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி பாம்புக்கடியால் ஆண்டுக்கு 81,000 முதல் 1,38,000 பேர் சாகிறார்கள். ‘இது விஷமில்லாதது, எனக்குத் தெரியும்’ என்ற வார்த்தையை இருட்டில் நம்பக் கூடாது, சொல்வது நாமே ஆனாலும். தனியாகப் போகாதீர்கள், விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனை எது என்று போவதற்கு முன்பே தெரிந்துவைத்திருங்கள்.

தவளைக்கு ஆபத்து நம்மால். கைட்ரிட் பூஞ்சை நோயால் 501 இருவாழ்வி (தவளை, தேரை போன்றவை) இனங்கள் குறைந்துபோயின என்றும், அவற்றில் 90 இனங்கள் அழிந்தேவிட்டதாகக் கருதப்படுகின்றன என்றும் 2019 இல் வெளியான ஒரு மதிப்பீடு சொன்னது. இந்தப் பூஞ்சை ஈரத்தோடும் சேற்றோடும் பயணம் செய்யும், பூட்ஸ் அடியில் நாமே ஒரு குளத்திலிருந்து இன்னொரு குளத்துக்குக் கொண்டுபோகலாம். சேற்றை முதலில் தேய்த்துக் கழுவ வேண்டும், சேறு இருந்தால் கிருமிநாசினி சரியாகப் பிடிக்காது. அதன் பிறகு கிருமிநாசினி, அதன் பிறகு முழுக்கக் காயவைப்பது. தொட்டே ஆக வேண்டுமென்றால் ஒவ்வொரு தவளைக்கும் புதுக் கையுறை. கொசு மருந்து தடவிய கையோடு தொடவே கூடாது, தோல் வழியாக உறிஞ்சும் பிராணி அது. சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் கொண்டை நியூட் என்ற வாலுள்ள இருவாழ்வியை உரிமம் இல்லாமல் பிடிப்பதே குற்றம். பல நாடுகளில் இப்படிப் பட்டியல் உண்டு.

பதிவை எங்கே போடுவது

பொது ஆப்பா, மூடிய தளமா, சொந்த நோட்டா? ஐநேச்சுரலிஸ்ட் என்ற பொது ஆப் 2008 இல் பெர்க்லி மாணவர்களின் படிப்புத் திட்டமாகத் தொடங்கி, இன்று உலகம் முழுக்கப் பயன்படுகிறது. அடையாளம் சொல்ல ஆள் கிடைப்பார்கள் என்பது அதன் பெரிய பலம். தேதி, இடம், படமோ ஒலியோ இருந்து, இனத்தின் பெயரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போனால் ஆய்வுத் தரம் என்ற நிலைக்கு வரும். ஒரு விஷயத்தை நிறையப் பேர் கவனிப்பதில்லை: ‘எல்லா உரிமையும் எனக்கே’ என்று அமைத்துவிட்டால் உங்கள் பதிவு உலகளாவிய ஜிபிஐஎஃப் தரவுத்தளத்துக்குப் போகாது. ஆய்வாளர் கைக்கு எட்ட வேண்டுமானால், பொருத்தமான கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் இருக்க வேண்டும். ஹெர்ப்மேப்பர் மாதிரியான தளங்கள் ஊர்வனவுக்கும் இருவாழ்விகளுக்கும் மட்டும். அங்கே துல்லியமான இடம் பாதுகாப்புப் பணியில் உள்ள கூட்டாளிகளுக்கு மட்டும் தெரியும், மற்றவர்களுக்குத் தோராயமான பகுதிதான்.

அந்த மூடுமந்திரம் எதற்கு என்று தோன்றினால், கோனியூரோசாரஸ் லூயி என்ற பல்லியின் கதை போதும். சீனாவின் தென்பகுதியிலிருந்து 1999 இல் புதிய இனம் என்று ஆய்வுக் கட்டுரையில் விவரிக்கப்பட்டது. கட்டுரையில் இடம் இருந்தது. செல்லப்பிராணி வியாபாரத்துக்குப் பிடிக்கிறவர்கள் அங்கே போய், முதலில் கண்டெடுக்கப்பட்ட இடத்திலேயே அதை இல்லாமல் ஆக்கிவிட்டார்கள். இப்போது புதிய பல்லியை விவரிக்கிற பலர் துல்லியமான இடத்தை அச்சிடுவதில்லை.

என் தேர்வு: சாதாரண, எங்கும் காணும் இனங்களுக்குப் பொது ஆப், துல்லியமான இடத்தோடு. விலைபோகக்கூடியது, அழகானது, ஒரே குன்றில் மட்டும் இருப்பது என்றால் இடத்தை மங்கலாக்கும் வசதியைக் கையாலேயே தேர்ந்தெடுப்பது. அருகிவரும் இனங்கள் என்று பட்டியலில் உள்ளவற்றுக்கு ஐநேச்சுரலிஸ்ட் தானாகவே இடத்தை 0.2 டிகிரிக் கட்டத்துக்குள் எங்கோ ஒரு புள்ளியாக மாற்றிக் காட்டும், நிலநடுக்கோட்டருகே அது ஏறக்குறைய 22 கிலோமீட்டர் அகலம். ஆனால் பட்டியலில் ஏறாத இனத்துக்கு அந்தக் காவல் இல்லை. நோட்டு எப்படியும் வேண்டும், ஒன்றும் கிடைக்காத இரவை எழுத அதைவிட்டால் வேறு நல்ல இடம் இல்லை. நண்பர்கள் குழுவில் படத்தை அனுப்பும்போது கவனம்: கோப்பாக அனுப்பினால் போன் பதிந்த ஜிபிஎஸ் எண் படத்தோடு சேர்ந்தே போகும். அந்த எண்ணை நீக்கிவிட்டாலும், பின்னணியில் தெரிகிற பாறையையோ மைல்கல்லையோ வைத்து இடத்தைக் கண்டுபிடிக்கிறவர்கள் உண்டு. அதையும் வெட்டிவிட்டே அனுப்புங்கள்.